மழை விடுமுறையில் எந்தக் கார்ட்டூன்களை விலக்குவது?

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தில் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை ஒட்டி நாங்கள் நடத்திவரும் மாலைப் படிப்பகத்துக்கு ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் வருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்து மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கும் நாட்களில், பெற்றோர் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விடுவதால், பிள்ளைகள் காலையிலேயே எங்களிடம் வந்துவிடுவார்கள். படிப்பு, படம் வரைதல், கேரம் எல்லாம் போக, பிற்பகலில் ஒரு மணி நேரம் கார்ட்டூன் போடலாம் என்று இந்த ஆண்டு முடிவு செய்தோம். எதைப் போடுவது என்பதில்தான் தன்னார்வலர்கள் ஆறு பேருக்கும் ஒத்த கருத்து வரவில்லை. ஆளுக்கொன்றாகத் தம் சிறுவயதுப் பிரியங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரியமானதைக் குறித்து எவரிடமும் வாதாட முடியாது என்பதால், நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். சிறுவயதில் பார்த்த கார்ட்டூன்களிலேயே மிக மோசமானது எது, ஏன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். விலக்க வேண்டியவை தெரிந்துவிட்டால், வைத்துக்கொள்ள வேண்டியவற்றில் சண்டை குறையும் என்பது என் எண்ணம்.

வந்த தாள்களில் ஏழு பெயர்கள் தேறின. எனக்கு நாற்பத்தைந்து வயது. எங்களில் இளையவருக்கு இருபத்திரண்டு. ஆகவே ஒரே மலைச்சரிவில் வளர்ந்தவர்கள் என்றாலும், தூர்தர்ஷனே கதி என்றிருந்த காலம், கேபிள் வந்த காலம், சுட்டி டிவி வந்த காலம் என்று மூன்று பிள்ளைப்பருவங்கள் அந்தப் பட்டியலில் கலந்து கிடந்தன. பழைய ஸ்பைடர்மேன், ஹீ-மேன், தொலைக்காட்சிக்காக எடுத்த போபாய், டாம் அண்ட் ஜெர்ரியின் பிற்காலப் படங்கள், ஷின்-சான், பேபிளேட், டோரா ஆகியவையே அந்த ஏழு. காரணங்களைப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. படம் மட்டமாக இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிதடி என்று ஒருவர். வாய்த்துடுக்கு என்று ஒருவர். பொம்மை விற்பதற்காகவே எடுத்தது என்று இன்னொருவர். ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு படி இருக்கும்போது, அளந்ததை ஒன்றுசேர்த்துக் கூட்ட முடியாது. எல்லாவற்றையும் ஒரே படியால் அளந்தாக வேண்டும்.

அந்தப் படியை எங்கள் ஊரே கொடுத்தது. இங்கே மழையும் மின்சாரமும் ஒன்றாக இருந்ததில்லை. சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து கம்பியில் சாய்ந்தால் போதும், சரிவு முழுவதும் இருண்டுவிடும். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு முழுவதையும் வாட்டிய மின்வெட்டு இங்கும் நீண்டது. டிடிஎச் தட்டு வந்த பிறகோ, மின்சாரம் இருக்கும்போதுகூடக் கனமழையில் அலை வலுவிழந்து, 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் திரையில் நிற்கும். இதனால் எந்தத் தலைமுறையிலும் எங்கள் பிள்ளைகள் ஒரு கார்ட்டூனைத் தொடக்கம் முதல் முடிவுவரை நிம்மதியாகப் பார்த்தது அபூர்வம். பாதியில் அறுந்த கதைகளோடுதான் அவர்கள் வளர்ந்தார்கள். அறுந்த இடத்திலிருந்து சில கதைகளைப் பிள்ளைகள் தாமே இழுத்துக்கொண்டு போனார்கள், சிலவற்றை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். திரை இருண்ட பிறகு பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதே என் அளவுகோல். ஏழு கார்ட்டூன்களையும் அதில் வைத்துப் பார்த்தபோது, நான் எதிர்பார்த்த வரிசை வரவில்லை.

படத்தின் தரம் ஒன்றையே பார்த்தால் பழைய ஸ்பைடர்மேனை மிஞ்ச ஆளில்லை. 1967இல் தொடங்கி 1970 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான அந்தத் தொடரில் மொத்தம் 52 பகுதிகள். முதல் ஆண்டை எடுத்து முடித்த கிரான்ட்ரே-லாரன்ஸ் என்ற நிறுவனம் திவாலாகிவிட, மீதியை ரால்ஃப் பக்ஷி என்ற இயக்குநர் மிகக் குறைந்த செலவில் முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நல்ல கார்ட்டூனில் அந்த ஒரு நொடிக்காகப் பன்னிரண்டு படங்களாவது புதிதாக வரைவார்கள். செலவைக் குறைக்க வேண்டியவர்கள் உடம்பை அசையாமல் நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைப்பார்கள், ஓடுவதை ஒருமுறை வரைந்து பலமுறை ஓட்டுவார்கள், பின்னணியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். ஸ்பைடர்மேனில் இவை எல்லாமே உண்டு. அவனுடைய உடையில் முழுக்க வலை வரைந்தால் கை ஓயும் என்பதற்காக முகமூடி, கையுறை, காலணி ஆகியவற்றில் மட்டும் வலைக்கோடு போட்டார்கள். ஒரு பகுதியில் ராக்கெட் ராபின் ஹூட் என்ற வேறொரு தொடருக்காக வரைந்த கதையையே எடுத்து, நாயகனை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன் என்றாலும், பிள்ளைகளின் கண்ணுக்கு அப்போதே தப்பவில்லை. ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் எங்கள் லயனுக்கும் நடுவில் ஒரு மலை நின்றது. அதனால் என் அண்ணன் கூரைமேல் ஏறி ஆன்டெனாக் குழாயைப் பிடித்துத் திருப்புவான். நான் வாசலில் நின்று திரையைப் பார்த்து, "தெரியுது, தெரியுது, ஐயோ போச்சு" என்று கத்துவேன். பனிமூட்டம்போல் புள்ளிகள் நிறைந்த அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில், சிவப்பும் நீலமும் இரண்டு வகைச் சாம்பல் நிறங்களாகத் தெரிய, ஸ்பைடர்மேன் ஒரே கட்டடத்தைத் தாண்டி, அதே கட்டடத்தை மறுபடியும் தாண்டுவான். அந்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்த தண்ணீர்த்தொட்டியை எண்ணுவதே எங்களுக்கு ஒரு விளையாட்டு. திரை போனவுடன் அண்ணன் கூரையிலிருந்தபடியே, "எங்க விட்டான்?" என்று கேட்பான். நான் விட்ட இடத்தைச் சொல்ல, அவன் மீதியைச் சொல்லிக்கொண்டே இறங்கி வருவான். அவன் சொன்ன மீதியில் ஸ்பைடர்மேன் குன்னூர் ரயில்பாதையின் பாலங்களில் தொங்குவான். தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து இலைக்கிடங்கின் கூரைக்குத் தாவுவான். படம் குறைவாக வரையப்பட்டிருந்ததால் மீதியை நாங்கள் வரைந்துகொண்டோம் என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அண்ணனின் பாலத்துக் காட்சிதான் எனக்கு நினைவிருக்கிறது; மூலத்தில் என்ன முடிவு வந்தது என்பது நினைவில்லை. எனவே தரத்தில் கடைசியான இது, என் அளவுகோலில் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது.

ஹீ-மேன் இதற்கு நேர் எதிரான வழக்கு. 1983இல் ஃபில்மேஷன் என்ற நிறுவனம் எடுத்த இந்தத் தொடருக்கு முன்பே மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகள் கடைக்கு வந்துவிட்டன. பொம்மையிலிருந்து பிறந்த கதை இது. 130 பகுதிகளுக்கும் போதுமான அளவுக்கு ஓட்டம், குதிப்பு, வாள் உயர்த்தல் ஆகியவற்றைக் கவனமாக வரைந்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் அவற்றையே செருகினார்கள். ஆதலால் ஒரு மாதம் பார்த்தவன் எல்லாவற்றையும் பார்த்தவனாவான். எங்கள் தன்னார்வலர் ஒருவர் இதை 'விளம்பரம்' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார். அது உண்மையே. இருந்தாலும் இரண்டு விஷயங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கையில் வாளிருந்தும் ஹீ-மேன் யாரையும் வெட்டுவதில்லை. பாறையைத் தூக்குவான், கதவைப் பெயர்ப்பான், எதிரியைச் சேற்றில் எறிவான். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு பாத்திரம் வந்து, இன்றைய கதையில் நடந்த தவறு என்ன என்று நேராகச் சொல்லும். இந்த அறிவுரைப் பகுதி எனக்கு உவப்பானதல்ல. கதை சொல்லாததைக் கடைசியில் வாயால் சொல்வது, உப்பில்லாமல் சமைத்துவிட்டு இலையோரத்தில் உப்பு வைப்பது போன்றது. ஆனாலும் எங்கள் லயனில் ஹீ-மேன் பொம்மையை எவரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பதால் விளம்பரம் எங்களை எட்டவில்லை. எட்டியது வாளை உயர்த்தும் அந்த ஒரு கணம் மட்டுமே. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை உயர்த்தாத பையன் அந்த ஆண்டில் யாருமில்லை. ஆனால் குச்சியை உயர்த்திய பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. விளையாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். நடுத்தரம் என்பதே என் மதிப்பீடு.

கீரை தின்றதும் பலம் பெறும் மாலுமி போபாயை விரைவாகக் கடந்துவிடலாம். 1933இல் ஃபிளெய்ஷர் படத்தயாரிப்புக் கூடத்தார் திரையரங்குக்காகத் தொடங்கிய போபாய் படங்கள் மிக அழகானவை. தாளில் குறிப்பிடப்பட்டிருந்தவையோ 1960 முதல் 1962 வரையிலான காலத்துக்குள் தொலைக்காட்சிக்காக அள்ளிக் குவித்த 220 படங்கள். பல கூடங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து அவசர அவசரமாக முடித்ததால் ஒரு படத்தில் இருக்கும் முகம் அடுத்ததில் இல்லை. எதிராளியின் பெயர் புளூட்டோவா புரூட்டஸா என்ற குழப்பம்கூட, பெயரின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத் தவறாக எண்ணிக்கொண்டதால் விளைந்தது. கீரை டப்பா எப்போது திறக்கும் என்பதைத் தவிர இதில் காத்திருக்க ஒன்றுமில்லை. திரை இருண்டபோது, டப்பா திறந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், பேச்சு அத்தோடு முடிந்தது.

டாம் அண்ட் ஜெர்ரி பட்டியலில் இடம்பெற்றது பலருக்கு வியப்பாக இருந்தது. அதைப் பிடிக்காத பிள்ளை உண்டா என்று கேட்டார்கள். ஆனால் அந்தப் பெயரில் வந்தவை எல்லாம் ஒன்றல்ல. ஹன்னா, பார்பெரா என்ற இரு இயக்குநர்கள் சேர்ந்து 1940 முதல் 1958 வரை எடுத்தவை 114. ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்ற, நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் டாம் அண்ட் ஜெர்ரி அவைதான். அதன்பின் 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் ஜீன் டெய்ச் என்பவர் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் வைத்து எடுத்தவை 13. பிறகு சக் ஜோன்ஸ் எடுத்தவை 34. அதற்கும் பிறகு, 1975இல் ஹன்னா-பார்பெரா நிறுவனமே தொலைக்காட்சிக்காக 48 குறும்படங்களை எடுத்தது. கேபிளில் இவை எல்லாவற்றையும் கலந்து போட்டதால், ஒரு நாள் நம் டாமும் மறுநாள் டாமின் உடையணிந்த அயலாரும் வந்துபோனதுபோல் இருக்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தள்ளுவதும் தவறாகும் என்பதால், இவற்றைத் தனித்தனியாகவே பார்த்தேன்.

பிராகில் எடுத்த பதின்மூன்றுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். பணம் சொற்பம், அந்த நாட்டு ஓவியர்கள் பலர் அதற்குமுன் டாம் அண்ட் ஜெர்ரியைக் கண்டதே அரிது. கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோன்ற எதிரொலி, விட்டு விட்டு அசையும் உடல்கள், ஏதோ பிசகியிருக்கிறது என்ற உணர்வைத் தரும் வண்ணங்கள் ஆகியவற்றால் இன்றும் பலர் இவற்றையே தொடரின் மோசமான படங்கள் என்கிறார்கள். என் ஆட்சேபம் அவற்றைப் பற்றியதன்று. இவற்றில் மூன்று படங்களில் தடித்த மனிதர் ஒருவர் டாமின் முதலாளியாக வருகிறார். எலியைத் துரத்தும்போது ஏதாவது உடைந்தாலோ கொட்டினாலோ அவர் முகம் சிவக்க டாமைப் பிடித்து வதைக்கிறார். பழைய படங்களில் பூனையும் எலியும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். யார் கை ஓங்கும் என்பது கணத்துக்குக் கணம் மாறும். வீங்கிய தலை அடுத்த காட்சியில் சரியாகிவிடும். இங்கே அடிப்பவர் என்றும் ஒருவரே, அடிபடுபவன் என்றும் ஒருவனே. சென்ற மழைக்காலத்தில் தெரியாமல் இதில் ஒன்றைப் போட்டுவிட்டோம். பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் மட்டும் பெஞ்சின்மேல் கால்களைத் தூக்கி மடக்கிக்கொண்டு, திரையை விட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். குடித்துவிட்டு வரும் மனிதரின் முகம் எப்படிச் சிவக்கும் என்பதை அறிந்த பிள்ளைகள் எங்கள் வரிசை வீடுகளில் உண்டு. "டீச்சர், இது எப்ப முடியும்?" என்று அவன் கேட்டான். அன்று மின்சாரம் போகவில்லை. நானே எழுந்து நிறுத்தினேன். மற்றவர்கள்கூட மீதிக் கதையைக் கேட்கவில்லை.

1975இல் வந்தவை இதற்கு மாறானவை. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் அடிதடி கூடாது என்று அன்றைய தொலைக்காட்சி விதிகள் இறுகியிருந்த காலம் அது. அதனால் பூனையையும் எலியையும் நண்பர்களாக்கிவிட்டார்கள். ஜெர்ரியின் கழுத்தில் ஒரு சிவப்பு வில்முடிச்சுப் பட்டை. இருவரும் கைகோத்து ஊர் சுற்றுகிறார்கள், போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள், துப்புத் துலக்குகிறார்கள். எந்தத் தாயும் இதில் குறை காண முடியாது. எங்கள் தன்னார்வலர்களில் பிள்ளைகள்மேல் மிகவும் அக்கறை கொண்டவர் எனக்குத் தனியாக எழுதிய குறிப்பில், பிராக் படங்களை நீக்கிவிட்டு இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றே பரிந்துரைத்திருந்தார். இது மிகவும் பாதுகாப்பானதாகத் தோன்றும் யோசனை என்பதால்தான், நான் இதை எதிர்த்து விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. துரத்தாத பூனைக்கும் ஓடாத எலிக்கும் இடையில் கதை எங்கே இருக்கிறது? நான் கல்லூரி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நாட்களில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு இவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போனால் பிள்ளைகள் எழுந்து போய்ப் பொரி வாங்கித் தின்பார்கள், சாக்கைப் போட்டு வழுக்கி விளையாடுவார்கள். மின்சாரம் திரும்பி வந்தபோது, டாம் என்ன ஆனான் என்று ஒரு பிள்ளைகூட ஓடி வந்து கேட்டதை நான் காணவில்லை. பயமும் இல்லை, ஆசையும் இல்லை. பார்த்த நேரம் போனது தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. இருபத்து மூன்று பிள்ளைகளின் ஒரு மணி நேரத்தை அப்படிச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாள்களில் சொல்லப்பட்டவற்றிலேயே மோசமானது எது என்று என்னைக் கேட்டால், கெடுதல் சிறிதும் செய்யாத இந்த நாற்பத்தெட்டையே சொல்வேன்.

ஷின்-சானைப் பற்றிய தாள்தான் மிகுந்த கோபத்தோடு எழுதப்பட்டிருந்தது. ஐந்து வயதுப் பையன் பெரியவர்களைக் கிண்டல் செய்வதும் கால்சட்டையை இறக்கி ஆடுவதும் நம் வீடுகளில் எத்தகைய தலைவலியை உண்டாக்கின என்பதை எல்லோரும் அறிவோம். 2006இல் இந்தியத் தொலைக்காட்சிக்கு வந்த இந்தத் தொடர் 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் தடைக்கு உள்ளாகி, பிறகு வெட்டுகளோடு திரும்பி வந்தது. ஆனால் இதன் மூலமான சித்திரக்கதை 1990இல் ஜப்பானில் பெரியவர்களுக்கான இதழ் ஒன்றில்தான் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கடனை அடைத்து மாளாத தகப்பனும், தள்ளுபடி விலை தேடி அலையும் தாயும், சிரிக்கவும் வருந்தவும் வைக்கும் நடுத்தரக் குடும்பமும் அதில் உண்டு. வளர்ந்த பிறகு பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது. குறை கதையில் இல்லை. எந்த அலமாரியில் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. என் அளவுகோலில் வைத்தால், திரை இருண்ட பிறகும் பிள்ளைகள் இதைத் தொடரத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் தொடர்ந்தது கதையை அல்ல, அந்தக் குரலை. இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரலில் பாட்டியிடம் பதில் சொல்லி அடி வாங்கியவர்களில் என் தம்பி மகனும் ஒருவன். சிறியவர்களுக்கு இது வேண்டாம் என்பதில் தயக்கமில்லை. பத்து வயதைத் தாண்டியவர்களைப் பொறுத்துப் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

பேபிளேடும் பொம்மையைப் பின்தொடர்ந்து வந்த கதைதான். ஜப்பானில் டகாரா நிறுவனம் 1999இல் பம்பரத்தை வெளியிட்டது. கார்ட்டூன் 2001இல் வந்தது. அந்தப் பம்பரமும் பெய்கோமா என்ற பழைய ஜப்பானியப் பம்பரத்திலிருந்து பிறந்தது. ஹீ-மேன் காலத்தில் எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு இதற்குள் போய்விட்டிருந்தது. ஊட்டியிலும் குன்னூரிலும் கடைகளில் பொம்மை தொங்கியது. வாங்கியவன், வாங்காதவன் என்று லயன் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். தினக்கூலி வாங்கும் வீட்டில் அந்த ஒரு பிளாஸ்டிக் பம்பரத்துக்காக நடந்த அழுகையை இந்தத் தாளை எழுதியவரே அனுபவித்திருக்கிறார். எனவே இதையே கடைசி இடத்தில் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவரே மறுபக்கத்தையும் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் நிற்கும் தைலமரத்தின் காய் ஓரங்குல அகலத்தில், மேலே தட்டையாகவும் கீழே கூம்பாகவும், மேற்பரப்பில் சிலுவைபோன்ற வெட்டோடும் இருக்கும். நன்றாகக் காய்ந்து மரம்போல் ஆன காயைப் பொறுக்கி, கூம்பின் நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கி, விரலால் சுண்டிவிட்டால் பம்பரம்போல் நின்று சுற்றும். மழைநாளில் மின்சாரம் போனதும், சாந்து சுமக்கும் இரும்புச் சட்டியைக் கவிழ்க்காமல் நடுவில் வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து காய்களை விடுவார்களாம். சட்டியின் சரிவில் அவை வழுக்கி நடுவுக்கு வந்து, டக்கென்று மோதி, ஒன்று வெளியே தெறிக்கும். தைல வாசனை கையில் இரண்டு நாள் நிற்கும். இந்த விளையாட்டு இன்றும் எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது. கார்ட்டூன் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கார்ட்டூனைப் போட வேண்டிய தேவையே இல்லை என்பதும், காய்ச்சண்டைக்குத் தனியே அரை மணி ஒதுக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

கடைசியாக டோரா. பெரியவர்களும் பெரிய பிள்ளைகளும் ஒருசேர வெறுத்த கார்ட்டூன் இதுவாகத்தான் இருக்கும். "கேள்வியைக் கேட்டுவிட்டு நம் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நிற்கும், எதிரில் நிற்கும் மலை அதற்குத் தெரியாது, நாம் சொல்ல வேண்டும்" என்று இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் தொடர், 2007இல் ஆரம்பித்த சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் வீடுகளுக்குள் வந்தது. புஜ்ஜி என்ற குரங்கும், திருட வரும் குள்ளநரியும், "குள்ளநரி திருடக் கூடாது" என்று மூன்று முறை சொல்லச் சொல்வதும் இன்று கேலிக்குரிய பொருளாகிவிட்டன. கதை ஒவ்வொரு நாளும் ஒரே அச்சு: போக வேண்டிய இடம் ஒன்று, வழியில் தாண்ட வேண்டியவை இரண்டு. நானும் இதைச் சகிக்க முடியாமல் சமையலறைக்கு எழுந்து போனவர்களில் ஒருத்திதான்.

ஆனால் 2009 நவம்பரை நான் மறக்கவில்லை. அந்த மழையில் நீலகிரி முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், சாலைகள் அறுந்தன, மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. எங்கள் லயன் மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆண்கள் எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட பிள்ளைகள், கரும்பலகையில் ஒரு வரைபடம் போட்டார்கள். பிறகு ஆறு வயதுப் பெண் ஒருத்தி பலகைமுன் நின்று, "நாம எங்க போகணும்?" என்று கேட்டுவிட்டு, டோராவைப் போலவே காத்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, "கோயில், பாலம், நம்ம வீடு! கோயில், பாலம், நம்ம வீடு!" என்று கத்தின. பாலம் இடிந்துவிட்டது என்று ஒரு பையன் நினைவூட்டினான். உடனே அழித்துவிட்டு, "கோயில், ரேஷன் கடை, நம்ம வீடு" என்று மாற்றினார்கள். அன்று மாலைவரை அது நடந்தது. மற்றக் கார்ட்டூன்களின் மீதிக் கதையைப் பிள்ளைகள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். தங்கள் சொந்த வழியைக் கண்டுபிடிக்க ஒரு கார்ட்டூனின் அச்சைப் பயன்படுத்தியதை அங்கே மட்டுமே கண்டேன். எனக்குச் சலிப்பூட்டிய அந்தக் காத்திருப்பு, பதில் சொல்வதற்காகப் பிள்ளைக்கு விட்டுவைத்த இடம் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இவ்வளவையும் வைத்து நான் குழுவின் முன் வைக்கும் முடிவு இது. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு டோரா, அதுவும் ஒரு பகுதி மட்டும். பார்க்கும்போது பிள்ளைகள் கத்திப் பதில் சொல்வதை யாரும் அடக்கக் கூடாது. எல்லோருக்கும் சேர்த்துப் பழைய ஸ்பைடர்மேனும், 1958 வரையிலான டாம் அண்ட் ஜெர்ரியும். ஸ்பைடர்மேனை முடிவுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நிறுத்திவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் கேட்டபின் மறுநாள் போடலாம் என்று ஒரு யோசனை வைத்திருக்கிறேன். இதற்கு இருவர் எதிர்ப்புத் தெரிவித்திருப்பதால் முதல் வாரம் செய்து பார்ப்போம். ஹீ-மேன் விருப்பப்பட்டால் வாரம் ஒருமுறை. பிராகில் எடுத்த பதின்மூன்றும், 1975இன் நாற்பத்தெட்டும், போபாயின் தொலைக்காட்சிப் படங்களும் வேண்டாம், பேபிளேடு தேவையில்லை. ஷின்-சானைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பேசலாம்.

எந்தக் கார்ட்டூனானாலும் அறை விளக்கை அணைக்கக் கூடாது, பிள்ளைகளைத் திரைக்கு அருகில் உட்காரவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாகப் பளிச்சிட்டதைப் பார்த்து, வலிப்பும் மயக்கமும் கண்டு சுமார் 685 பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். எங்கள் அறையில் இருப்பது ஒரே ஒரு குழல்விளக்கு. அதன் ஸ்டார்ட்டர் பழுதாகிச் சில நாட்களாக விட்டு விட்டு எரிகிறது. மழை தொடங்குவதற்குள் அதை மாற்றித் தரும் பொறுப்பை யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.